யாடிகி போதா உண்டாவு நா? – நாராயணவனத்தில் காதில் விழும் தெலுங்கு

புத்தூர் பேருந்து நிலையத்தில் நாராயணவனம் வண்டிக்காக நிற்கிறீர்கள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்த்து, "யாடிகி போதா உண்டாவு நா?" என்று கேட்கிறார். புத்தகம் வாங்கித் தெலுங்கு படித்துவிட்டு வந்தவர் இந்த இடத்தில் திகைத்துப் போவார். புத்தகத்தில் எங்கே என்பதற்கு 'எக்கட' என்று இருந்தது. போகிறீர்கள் என்பதற்கு 'வெள்துன்னாரு' என்று இருந்தது. இந்தப் பெண் கேட்டதில் இரண்டும் இல்லை.

புத்தகத்தை மறந்துவிட்டு, தமிழ்க் காதோடு இன்னொரு முறை கேளுங்கள். 'யாட' என்றால் எங்கே. 'யாடிகி' எந்த இடத்துக்கு. 'போதா' போய்க்கிட்டு. 'உண்டாவு' இருக்கே. 'நா' அண்ணா. "எங்க போயிக்கிட்டு இருக்கேண்ணா?" வரிசைகூட மாறவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் கேள்வியை அப்படியே வேறு சொற்களால் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் உங்களைத் தெலுங்கு பேசவைக்க எழுதியது அல்ல. நாராயணவனத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ தங்கும்போது காதில் விழுவதைப் புரிந்துகொள்ள எழுதியது. பேசுவது பிறகு தானாக வரும். முதலில் காது பழக வேண்டும். இதை நான் தலைகீழாகச் செய்து பல மாதங்களை வீணாக்கினேன். பேச மட்டும் கற்றுக்கொண்டு, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் புரியாமல் நின்றேன்.

புத்தகத் தெலுங்கு ஏன் இங்கே உதவுவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பேச்சுத் தெலுங்கை எழுத்தில் ஏற்றப் போராடியவர் கிடுகு வேங்கட ராமமூர்த்தி. 1863இல் பிறந்தவர். அவர் பிறந்த நாளான ஆகஸ்டு 29ஐத்தான் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் வழி வென்றது. ஆனால் பத்திரிகையிலும் பாடநூலிலும் நிலைபெற்றது பெரும்பாலும் கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளின் படித்தவர் பேச்சு. நாராயணவனம் அங்கிருந்து வெகு தொலைவு. சென்னையிலிருந்து வருபவருக்கு இது ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்.

வட ஆர்க்காட்டிலிருந்து பல பகுதிகளைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த மாவட்டம் அதோடு போனது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது. புத்தூரும் நாராயணவனமும் அந்தப் பக்கம் நின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் நாராயணவனம் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருந்தாலும் பேச்சு நகரவில்லை. ஒரு வீட்டில் அண்ணி தமிழிலும் நாத்தனார் தெலுங்கிலும் பேசிக்கொள்வதும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிவதும் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு.

சரி, எலும்புக்கூட்டைப் பார்ப்போம். யாட, ஆட, ஈட: எங்கே, அங்கே, இங்கே. எட்டா, அட்டா, இட்டா: எப்படி, அப்படி, இப்படி. 'ஏந்தி' என்றால் என்ன. சற்று வியப்போடு 'ஏந்தப்பா' என்பார்கள். 'காட' என்றால் கிட்ட. "குடி காட திகு" என்று நடத்துநர் சொன்னால், கோயில் கிட்ட இறங்கு. 'எக்கு' ஏறு, 'திகு' இறங்கு, 'ஜருகு' நகரு. 'உண்டு' என்றால் இரு. அவசரப்பட்டால் 'உண்டுண்டு' என்பார்கள், நாம் இரு இரு என்கிற மாதிரியே. 'அட்னே' என்பது இந்தப் பக்கத்துச் 'சரி, அப்படியே ஆகட்டும்'. ஒரு நாளில் இருபது முறை காதில் விழும்.

வினைச்சொற்களில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். "எப்புடொஸ்திவி நா?" என்று ஒருவர் கேட்டால், "எப்ப வந்தேண்ணா?" என்று பொருள். கடலோரத்துக்காரர் இதே இடத்தில் 'வச்சாவு' என்பார். இங்கே 'வஸ்திவி'. 'தின்டிவா' என்றால் சாப்பிட்டாயா. 'வஸ்தா' என்றால் வருவேன், 'வஸ்தி' என்றால் வந்தேன். கடைசி ஓசையில்தான் காலமே இருக்கிறது. அதனால் வாக்கியத்தின் வாலை விடாதீர்கள்.

வால் என்றதும் எனக்குக் கைலாசகோனா நினைவுக்கு வருகிறது. 'கோன' என்றால் மலையிடுக்கு. நாராயணவனத்துக்கு அருகே மலைப்பாறையிலிருந்து விழும் அருவி அது. முதல் முறை போனபோது ஆட்டோவில் போய் இறங்கினேன். சாயங்காலம் 4 மணிக்கு வந்து அழைத்துப்போக முடியுமா என்று ஓட்டுநரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே "வஸ்தாலே நா" என்றார். 'லேது' என்றால் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேச்சில் அது 'லே' என்று தேய்ந்துபோகும் என்பதும் தெரியும். ஆக, வரமாட்டேன் என்கிறார் என்று முடிவு செய்தேன். குளித்துவிட்டு மூன்றரை மணிக்கே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பாதி வழியில் எதிரே அவர் வந்தார். வண்டியை நிறுத்தி, கோபமில்லாமல், மனம் வருந்திக் கேட்டார்: "வஸ்தா அனி செப்பினா கதா நா!" வர்றேன்னு சொன்னேன்ல அண்ணா!

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை விளக்கிவிடுகிறேன். 'வஸ்தா' என்று முழுச்சொல்லும் வந்து, அதன் பின்னால் 'லே' ஒட்டினால் அது மறுப்பு அல்ல. "வருவேன், கவலைப்படாதே" என்கிற ஆறுதல் அது. நாம் "வர்றேன்ப்பா, விடு" என்கிறோமே, அந்த 'விடு'தான் இந்த 'லே'. மறுப்பு வேண்டுமென்றால் வினையே வேறு உருவத்தில் வரும். 'ராலே' என்றால் வரவில்லை. 'செப்தாலே' சொல்றேன் விடு, 'செப்பலே' சொல்லவில்லை. 'சேஸ்தாலே' செய்றேன் விடு, 'சேயலே' செய்யவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் 'சால்லே' என்று யாராவது சொன்னால் போதும், விடு என்று பொருள். போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வைத்துவிடாதீர்கள். அவர் சொன்ன 'கதா' நம் கதை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தானே, இல்லையா என்று இழுக்கும் வால். இந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சும் ஒரு 'கதா' இல்லாமல் முடியாது.

எனவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இங்கே தமிழர் தடுக்கி விழுவது தெரியாத சொற்களில் அல்ல, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்களில். தெரியாத சொல் வந்தால் எவரும் நின்று கேட்பார். தெரிந்த மாதிரி இருக்கும் சொல் வந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

வழி கேட்கும்போது 'குடி' என்பார்கள். அது குடிப்பதைப் பற்றியது அல்ல. தமிழெழுத்தில் எழுதினால் ஒன்றாகத் தெரியும் இரண்டு தெலுங்குச் சொற்கள் இதில் இருக்கின்றன. 'கல்' என்பதில் வரும் வல்லோசையோடு சொன்னால் வலப்பக்கம். 'தங்கம்' என்பதன் நடுவில் வரும் மெல்லிய ஓசையோடு சொன்னால் கோயில். "குடி குடி பக்கன" என்று ஒரு பெரியவர் கைகாட்டினால், கோயிலுக்கு வலப்பக்கத்தில் என்கிறார். இரண்டு ஓசையையும் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கோயில் ஊரில் இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் சுற்றுவது கால்வலி. இடப்பக்கம் 'எடம'. நேராக என்பதற்கு 'நேருகா', எதிரே என்பதற்கு 'எதுருகா', சந்துக்கும் 'சந்து'. இவற்றில் வம்பில்லை.

'வீடு' என்றால் இவன். வீட்டுக்கு 'இல்லு'. "வீடு எவரு?" என்று யாராவது கேட்டால் உங்கள் முகவரியைச் சொல்லாதீர்கள், உங்களோடு வந்த பையன் யார் என்று கேட்கிறார்கள். 'சூடு' என்றால் பார். 'பெருகு' என்றால் தயிர். 'எந்த' என்றால் எவ்வளவு. கடையில் இதைக் கேட்டுவிட்டு எந்தப் பொருள் என்று காட்டத் தொடங்கும் நம்மவர்களை அடிக்கடி பார்க்கலாம். 'ஆயம்மா' என்றால் அந்த அம்மாள், 'ஆயப்பா' என்றால் அந்த ஆள். யாரையும் ஆயா வேலை செய்பவராக எண்ணிவிட வேண்டாம். 'ஊரிகே' என்றால் சும்மா. "ஊரிகே வஸ்தி" – சும்மா வந்தேன். 'ஊருகோ' என்றால் விடு, அழாதே, சும்மா இரு. குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு ஒரு தாய் "ஊருகோ ஊருகோ" என்றால் எந்த ஊருக்கும் கிளம்பவில்லை.

'அப்பு' என்றால் கடன். இது நாராயணவனத்தில் தெரிந்தே ஆகவேண்டிய சொல். ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை சீனிவாசன் மணந்த இடம் இதுதான் என்பது தலபுராணம். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் அந்தக் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்ததாகச் சொல்லும் கல் திருகையை இன்றும் காட்டுகிறார்கள். 1967 முதல் கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் வாங்கியதுதான் அந்தப் பெரிய அப்பு. அதற்கு இன்றும் வட்டி கட்டுவதால் பெருமாளுக்கு 'வட்டி காசுலவாடு' என்றே ஒரு பெயர். கோயிலைச் சுற்றிக் காட்டுபவர் "பெண்ட்லிகி அப்பு சேசினாடு சாமி" என்றால், சாமி கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார் என்கிறார். 'பெண்ட்லி' என்றால் கல்யாணம். கடலோரத்தில் 'பெள்ளி' என்பார்கள்.

புதுச்சொல் வந்து நின்றால் ஒரு சாவி உண்டு. நம் 'ழ' பல இடங்களில் தெலுங்கில் 'ட' ஆகிவிட்டது. ஏழு அங்கே 'ஏடு'. ஏடுகொண்டலவாடு என்பதும் ஏழுமலையான் என்பதும் ஒரே பெயர். கோழி 'கோடி'. பாழ் 'பாடு'. "பண்டி பாடைபோயிந்தி" என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி பாழாய்ப் போயிற்று, அதாவது பழுதாகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் 'சங்கடி, கோடி கூர' என்று எழுதியிருந்தால் சங்கடமும் இல்லை, கோடி ரூபாயும் இல்லை. ராகிக்களியும் கோழிக்குழம்பும். தயங்காமல் உட்காருங்கள். கூடவே 'ஊரிபிண்டி' வைப்பார்கள். வேர்க்கடலை அரைத்த கெட்டித் துவையல் அது.

கடைத்தெருவில் தமிழர் காது இன்னும் சுகமாக இருக்கும். கடையே 'அங்கடி'. போணி, பேரம், கிராக்கி எல்லாம் இரு பக்கமும் பொது. தேங்காய்க்குப் புத்தகத்தில் 'கொப்பரிகாய' என்று இருக்கும். கோயில் வாசலில் 'டெங்காய' என்று கூவுவார்கள். உருளைக்கிழங்கு புத்தகத்தில் 'பங்காளாதும்ப', இங்கே 'உர்லகட்ட'. வெங்காயம் 'எர்ரகட்ட', சிவந்த கிழங்கு. பூண்டு 'தெல்லகட்ட', வெளுத்த கிழங்கு. வேர்க்கடலை 'செனக்காய'. சுரைக்காயைக் கடலோர மாவட்டங்கள் பலவற்றில் 'ஆனபகாய' என்பார்கள், இங்கே 'சொரகாய'. ஊரிலேயே அந்தப் பெயரோடு ஒரு மகான் இருந்தார். சுரைக்குடுக்கையோடு திரிந்ததால் சொரக்காய் சுவாமி. 1902இல் சமாதியானார். அவர் சமாதியைத் தரிசிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள். அவர் பெயரைச் சொல்லும்போதே நீங்கள் இந்தப் பக்கத்துத் தெலுங்கைப் பேசிவிடுகிறீர்கள்.

எண்களில் மட்டும் கவனம். நூறு ரூபாய்க்கு 'வந்த'. இருபது 'இரவை', ஐம்பது 'யாபை', அறுபது 'அரவை'. 'நூட்டயாபை' என்றால் 150. விலை குறைக்கச் சொல்ல 'தக்கிஞ்சு'. அதோடு ஒரு 'நா' சேர்த்துக்கொண்டால் பேரம் இனிமையாக நடக்கும்.

நாராயணவனமும் புத்தூரும் நகரியும் தறி ஓடும் ஊர்கள். தெருவில் நடந்தால் 'மக்கம்' என்ற சொல் கேட்கும், தறி. 'படுகு' பாவு, 'பேக' ஊடை. தொழில்காரர் சொற்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படி மாறுகின்றன என்று பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி ஊர் ஊராகத் தொகுக்கவைத்தார். உழவுச் சொற்கள் 1962இலும் கைத்தறிச் சொற்கள் 1971இலும் அகராதிகளாக வந்தன. தமிழில் நெசவுக்கு அப்படியொரு வட்டார அகராதி கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் ஏங்குகிறேன். இந்தச் சீமைப் பேச்சைக் கதையில் படிக்க விரும்பினால் நாமினி சுப்பிரமணியம் நாயுடு இருக்கிறார். 'மிட்டூரோடி கதலு' என்ற தலைப்பே ஒரு பாடம். மிட்டூர்க்காரன் 'மிட்டூரோடு'. ஊரோடு, திக்கோடு, பொடியன் என்றால் 'புட்டோடு' என்று ஆளைக் குறிக்க ஓர் 'ஓடு' ஒட்டிக்கொள்ளும். 'திக்க' என்றால் கிறுக்கு, திக்கோடு கிறுக்கன்.

இனி மரபுத்தொடர்கள். இங்கேதான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. "நீ பப்புலு ஈட உடகவு" என்றால் உன் பருப்பு இங்கே வேகாது. சொல்லுக்குச் சொல் நம்முடையது. "செவிலோ பூவு பெட்டினாடு" என்றால் காதில் பூ சுற்றினான். ஏமாற்றுக்கு நாமம் போடுவது என்கிறோம். அவர்களும் 'பங்கநாமம்' என்கிறார்கள். ஒரு படி மேலே போய் 'சடகோபம் பெட்டினாடு' என்பார்கள். பெருமாள் கோயிலில் பட்டர் தலையில் வைக்கும் சடாரிதான் சடகோபம். ஆக, இந்தச் சொல்லைக் கேட்டதும் இடத்தைப் பாருங்கள். சன்னிதியில் கேட்டால் குனிந்து ஆசி வாங்குங்கள். டீக்கடையில் கேட்டால், யாரோ சீட்டுப்பணத்தோடு ஓடிவிட்டார்கள். குல்லா போடுவதும் உண்டு, 'டோபி பெட்டினாடு' என்று.

நரி மட்டும் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தால் நாம் "நரி முகத்தில் முழிச்சியா?" என்போம். அவர்கள் "நக்க தோக தொக்கினாடு" என்பார்கள். நரியின் வாலை மிதித்தான். ஒரே நரி. நமக்கு முகம், அவர்களுக்கு வால்.

சில தொடர்கள் எதிர்த்திசையில் போகும். 'கோதலு கோஸ்தா உண்டாடு' என்பதைத் தமிழாக்கினால் அறுவை அறுத்துக்கொண்டிருக்கிறான் என்று வரும். நமக்கு அறுவை என்றால் சலிப்பூட்டும் பேச்சு. அவர்களுக்கு அது பீலா விடுவது. சலிப்பூட்டும் வளவளப்புக்கு அவர்கள் சொல் 'சோதி'. குறிசொல்லும் பெண்கள் நீட்டி முழக்கிச் சொல்வதே முதலில் 'சோதி'; அதிலிருந்து எந்த நீண்ட பேச்சும் சோதி ஆயிற்று. "சோதி செப்பொத்து" என்றால் கதை அளக்காதே. மாட்டிக்கொண்டோம், தொலைந்தோம் என்பதற்கு "சச்சிந்தி கொர்ரெ". ஆடு செத்தது!

இளைஞர் பேச்சு வேறு ரகம். 'கேக்க' என்றால் கூச்சல். இப்போது செம என்பதற்கும் அதுதான். 'தோப்பு' என்றால் பெரிய கில்லாடி, மரத்தோப்பு அல்ல. நண்பர்கள் ஒருவரை ஒருவர் 'மாமா' என்பார்கள், நம் பையன்களின் 'மச்சி' மாதிரி. 'லைட் தீஸ்கோ' என்று யாராவது சொன்னால் விளக்கைத் தேடவேண்டாம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, கண்டுக்காதே என்று பொருள். ஆங்கிலச் சொல்லோடு நாம் 'பண்ணு' அல்லது 'ஆகு' சேர்க்கும் இடத்தில் அவர்கள் 'அவ்வு' அல்லது 'படு' சேர்ப்பதைக் கவனியுங்கள். ஃபீல் பண்ணாதே என்பது அங்கே 'ஃபீல் அவ்வொத்து'. டென்ஷன் ஆகாதே என்பது 'டென்ஷன் படொத்து'. ஓவர், பில்டப் போன்றவற்றை விளக்கத் தேவையில்லை. இவை அங்கும் இங்கும் ஒன்றே. இந்த ரகச் சொற்கள் சீக்கிரம் பழசாகும். அடுத்த ஆண்டு போகும்போது பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன், சொல்லிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. விளிச்சொற்களில் இது முக்கியம். தெலுங்கில் 'ரா' என்றால் வா. அதே 'ரா' பெயருக்குப் பின்னால் ஒட்டினால் டா. "ஏம் ரா" என்னடா. "ரா ரா" வாடா. தெரியாத பெரியவரை வெறும் 'ரா' என்று அழைத்தால் முகம் சுளிப்பார். 'ரண்டி' என்று சொல்லுங்கள், வாங்க. வடநாட்டு யாத்திரிகர் இதைக் கேட்டுத் திடுக்கிடுவது உண்டு, அவர்கள் மொழியில் அது வசை. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உள்ளூரில் 'அண்டி' போட்டுப் பேசுவது குறைவு. மரியாதையை 'நா'வும் 'க்கா'வும் 'மா'வும் சுமக்கின்றன. 'நுவ்வு', அதாவது நீ என்றே பேசிக்கொண்டு இறுதியில் 'நா' சேர்த்தால் குறை ஒன்றுமில்லை. சென்னையில் "எங்கண்ணா போறே" என்பதில் என்ன மரியாதை இருக்கிறதோ அதே மரியாதை. சென்னை 'நைனா'வும் 'டப்பு'ம் இந்த வீட்டிலிருந்து வந்தவைதான். இங்கே 'நாயனா' என்றால் அப்பா. வயதான பெண்கள் உங்களையே அன்போடு நாயனா என்று அழைப்பார்கள். 'அவ்வா' என்றால் பாட்டி.

'கொடுகு' என்றால் மகன். ஆனால் "நா கொடகா" என்று யாராவது கத்தினால் என் மகனே என்று உருகவேண்டாம். அது வசை. 'நாயாலா' என்பதும் வசை. நண்பர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு இவற்றைச் சொல்லிச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் சொல்லாதீர்கள். எந்த ஊரிலும் வசையை விளையாட்டாகச் சொல்லும் உரிமை கூடவே வளர்ந்தவர்களுக்குத்தான் உண்டு. 'தொப்பு' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் வாயில் எடுக்காதீர்கள்.

நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் "அரவோள்ளா?" என்று கேட்கலாம். 'அரவ' என்பது தமிழுக்குத் தெலுங்கில் வழங்கும் பழம்பெயர். பெரும்பாலும் வெறும் பெயராகத்தான் சொல்கிறார்கள், சில சமயம் சீண்டலாக. சொல்பவர் முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நாம் நம் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். சென்னைத் தெருக்களில் தெலுங்கரைக் குறிக்க வழங்கும் 'கொல்டி' என்ற சொல்லை அவர்கள் நன்றாகவே அறிவார்கள், அது அவர்களுக்கு வலிக்கிறது. அங்கே மட்டுமல்ல, இங்கேயும் அதைச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மொழி இது. கல்யாணப் பத்திரிகையை இரண்டு மொழியில் அச்சிடும் குடும்பங்களின் ஊர்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு சொல் மட்டும் பேசிவிட்டு வாருங்கள், அதைத் தாராளமாகப் பேசலாம். போகிறேன் என்று நாம் சொல்லமாட்டோம், போயிட்டு வரேன் என்போம். அவர்களும் அப்படித்தான். 'போயொஸ்தா' என்று சொல்லுங்கள். பூக்காரப் பெண் கையில் இருக்கும் சரத்தைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டுவார். "அட்னே, போயிரா நா."